ஆடுபுலி ஆட்டத்தைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்த அனுபவம்

வீடியோ கேம் வடிவமைப்பைக் கற்க விரும்புவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த மென்பொருளில் தொடங்குவது என்பதைத்தான். கோபிசெட்டிபாளையத்தில் இருந்துகொண்டு, எந்த வகுப்பிலும் சேராமல், ஆடுபுலி ஆட்டத்தைக் கைப்பேசி விளையாட்டாகச் செய்து முடித்தவன் என்ற முறையில், மென்பொருளைத் தொடுவதற்கு முன் தாளையும் பென்சிலையும் எடுங்கள் என்றே சொல்வேன்.

தாளில் கட்டம் வரைந்து, புளியங்கொட்டைகளை ஆடுகளாகவும் கூழாங்கற்களைப் புலிகளாகவும் வைத்து அப்புச்சியோடு (அம்மாவின் அப்பாவோடு) ஆடியதே என் முதல் பாடம். 3 புலிகள், 15 ஆடுகள், 23 முனைகள் கொண்ட இந்த ஆட்டத்தில், ஆட்டைத் தாண்டி வெட்டுவது புலியின் வேலை. புலியை நகரவிடாமல் அடைப்பது ஆடுகளின் வேலை. "எல்லா ஆட்டையும் எறக்கி முடிக்காம ஒண்ணையும் நகத்தக் கூடாது கண்ணு" என்பது அப்புச்சி சொல்லிக்கொடுத்த விதி. அதைத் தளர்த்தி, களத்தில் இறக்கிய ஆட்டை இடையிலேயே நகர்த்தலாம் என்று வைத்து ஆடிப் பார்த்தோம். புலி நெருங்கும்போதெல்லாம் ஆடு விலகிக்கொண்டதால், எந்த ஆட்டை இழப்பது, எந்த முனையைக் காப்பது என்ற தவிப்பே இல்லாமல் போயிற்று. ஹுனிக்கி, லெப்ளாங்க், சுபெக் ஆகிய மூவரும் 2004இல் எழுதிய, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எம்டிஏ (விதி, போக்கு, உணர்வு என்பவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம்) என்ற விளையாட்டு வடிவமைப்புக் கட்டுரை விளக்குவதும் இதையே: விதிகளிலிருந்து ஆட்டத்தின் போக்கு பிறக்கிறது, போக்கிலிருந்து ஆடுபவரின் உணர்வு பிறக்கிறது. ஆடிப் பார்த்துவிட்டுப் படித்ததால் அக்கட்டுரை எனக்கு உடனே விளங்கியது.

அதன் பிறகே விளையாட்டுகளை உருவாக்க உதவும் மென்பொருளான கோடாட் இயந்திரத்தை எடுத்தேன். எம்ஐடி என்ற திறந்த மூல உரிமத்தில் முற்றிலும் இலவசமாகக் கிடைக்கும் அது, பழைய மடிக்கணினியிலும் ஓடுகிறது. அதன் ஆவணத்தில் உள்ள முதல் 2டி விளையாட்டுப் பாடத்தை வரிவரியாகச் செய்தால் அடிப்படை பிடிபட்டுவிடும். நிறுவனங்களில் வேலை தேடுவோருக்கு இதே வகை மென்பொருள்களான யூனிட்டியோ அன்ரியலோ கூடுதலாகப் பயன்படும். தமிழில் எழுத்துகளைக் காட்ட விரும்புவோர் கோடாட் 4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பையே எடுக்க வேண்டும். பழைய 3ஆம் பதிப்பில் 'கெ' என்று எழுதினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 2023 மார்ச்சில் வந்த 4ஆம் பதிப்பு, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைக் கொடுத்தால் அதைச் சரியான இடத்தில் வைக்கிறது.

படங்களுக்குக் கிருதா என்ற இலவச ஓவிய மென்பொருள் போதும். வரைய வராதவர்கள் கென்னி தளத்தின் படங்களை எடுத்துக்கொள்ளலாம். அவை, படைத்தவர் தம் உரிமைகளை விட்டுக்கொடுக்கும் சிசி0 உரிமத்தில் இருப்பதால் பெயர் குறிப்பிட வேண்டிய கட்டாயம்கூட இல்லை. ஃப்ரீசவுண்ட் தளத்தில் ஒவ்வோர் ஒலிக்கும் உரிமம் வேறுபடும் என்பதால், பதிவிறக்கும்போதே அதைக் குறித்துவைப்பது அவசியம். எனக்கு வேண்டிய ஆட்டுச் சத்தத்தைக் காங்கேயம் பக்கம் மாமாவின் கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்), பட்டியில் அடைபட்ட செம்மறிகளிடம் கைப்பேசியில் பதிவு செய்து, காற்றின் இரைச்சலை ஒடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் குறைத்துக்கொண்டேன். நம் மண்ணின் ஒலி எந்தத் தொகுப்பிலும் இவ்வளவு பொருத்தமாகக் கிடைக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

பிறர் ஆடும்போது வாய் திறக்காமல் அருகில் இருந்து பார்ப்பது எந்தக் கருவியையும்விடப் பயனுள்ளது. அக்கா மகன் ஆட்டை இறக்காமல், களத்தில் நிற்கும் ஆட்டையே விரலால் இழுத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்த பிறகு, இறக்க வேண்டிய ஆடுகளைக் களத்துக்குக் கீழே வரிசையாக நிறுத்தி, அவை தீரும்வரை களத்து ஆடுகளை மங்கலாகக் காட்டினேன். விதியை எழுதிக் காட்ட வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

முடித்த விளையாட்டை, விளையாட்டுகளுக்கான இட்ச் இணையத்தளத்தில் கட்டணமின்றி வெளியிடலாம். கூகுள் பிளேயில் 25 டாலர் ஒருமுறை கட்ட வேண்டும். புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குவோர், குறைந்தது 12 பேரைத் தொடர்ந்து 14 நாள்கள் சோதனையில் வைத்திருந்த பிறகே பொதுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். ஆகவே, பாதியில் விலகிவிடாத உறவினர்களையும் நண்பர்களையும் பன்னிரண்டுக்குச் சற்றுக் கூடுதலாகவே முன்கூட்டிப் பேசி வைத்து, அவர்களது ஜிமெயில் முகவரிகளையும் வாங்கிக்கொண்டு சோதனையைத் தொடங்குவது நல்லது.