எரிமலையும் ஒரு சல்ஃபர் யூனிட்தான்

ரிஃபைனரில எண்ணெய் சுத்தம் பண்றப்போ வர்ற வாயுல இருந்து கந்தகம் எடுக்குற சல்ஃபர் யூனிட்ல ஷிஃப்ட் பாத்தவனுக்கு கந்தகம்னா மஞ்சப்பொடி கிடையாது, பைப்புல ஓடுற லிக்விட். 120 டிகிரிக்குக் கீழ இறங்குனா லைன் இறுகிரும், 160ஐத் தாண்டுனா பாகு முத்துன மாதிரி கெட்டியாயி பம்ப் இழுக்காது, அதனால ராத்திரி பூரா ஸ்டீம் ட்ராப் (லைனை சூடா வைக்கிற நீராவி ஆறி சேர்ற தண்ணிய வெளியேத்துற வால்வு) ஒவ்வொண்ணா தொட்டுப் பாக்காத குறையா சுத்திட்டு இருப்போம்.

இந்தக் கண்ணோடதான் கிழக்கு ஜாவால இருக்குற கவா இஜென் எரிமலைக்கு லீவுல போனேன். மாக்மா மேல ஏற ஏற அழுத்தம் குறைஞ்சு உள்ள கரைஞ்சிருந்த வாயு பிரியுது, முக்காவாசி நீராவி, கூடவே சல்ஃபர் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு. இது ரெண்டும் கொஞ்சம் ஆறி ஒண்ணோட ஒண்ணு சேந்தா கந்தகமும் தண்ணியும். எங்க யூனிட்ல கந்தகம் எடுக்குற கிளாஸ் (Claus) ப்ராசஸும் இதேதான், ஹைட்ரஜன் சல்ஃபைடுல மூணுல ஒரு பங்கை எரிச்சு டை ஆக்சைடு ஆக்கி மீதி ரெண்டு பங்கோட சேக்குறோம், அந்த 2க்கு 1 கணக்கு தப்பக்கூடாதுன்னு வாயு அளவைக் காட்டுற அனலைசர் வச்சு காத்தை கூட்டி குறைக்கிறோம். மலைக்கு ஏது அனலைசர், எது மிஞ்சுதோ அது காத்தோட போயிரும். தப்புனது போக மிச்சம் வெடிப்பு ஓரத்துப் பாறைல நேரா மஞ்ச ஊசியா படியுது.

அந்த வேகத்துல படிஞ்சா யாருக்கும் கூலி கட்டாதே, அதனால சுரங்கக்காரங்க வெடிப்பு வாய்லயே பைப் பதிச்சிருக்காங்க. வாயு அதுக்குள்ள இறங்கி வர்றப்போ ஆறி, செக்கச்செவேல்னு லிக்விடா சொட்டி, கீழ விழுந்து ஆறுனதும் மஞ்சளாயிருது. பைப்பு ரொம்ப சூடானா தண்ணி ஊத்துறாங்க. சுத்தமான கண்டென்சர் வேலைங்க அது, டிசைன் பண்ணவங்க யாரா இருந்தாலும் கும்பிடணும்!

டூரிஸ்ட் எல்லாம் நடுராத்திரி மலையேறி வர்றது நீலத் தீயைப் பாக்க. எனக்கு அது புராடக்ட் லாஸாத்தான் தெரிஞ்சுது, பிடிச்சிருக்க வேண்டிய கந்தகம் காத்து பட்டு எரிஞ்சு திரும்பவும் டை ஆக்சைடாப் போகுது.

யூனிட்ல எங்க சட்டைல மாட்டுற கேஸ் மானிட்டர் 10 பிபிஎம்லயே (பத்து லட்சத்துல 10 பங்கு) கத்தும், ஏன்னா ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு ஏறுனா மூக்கு மரத்துரும், நாத்தம் போயிருச்சேன்னு நம்பி நிக்கக்கூடாது. அங்க நிறைய பேர் வாய்ல ஈரத்துணிய கடிச்சுக்கிட்டு 70 கிலோவுக்கு மேல ரெண்டு கூடைல தோள்ல தூக்கிட்டு ஏறுறாங்க. இன்னிக்கு உலகத்துல விக்கிற கந்தகத்துல பெரும்பகுதி எண்ணெய், கேஸ் சுத்தம் பண்றப்போ வர்றதுதான், விலைய நிர்ணயிக்கிறதும் எங்க பக்கம்தான், அவங்க சுமை இல்ல.