கரண்ட் வைக்கும் நாட்கள்

நவம்பர் 3

கொப்பளித்த தண்ணீர் இடது ஓரமாக வழிந்து சட்டையை நனைத்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். கண்ணாடியைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

நவம்பர் 4

டாக்டர் நெற்றியைச் சுருக்கச் சொன்னார். வலது பாதி சுருங்கியது. இடது பாதி இஸ்திரி போட்ட மாதிரி அப்படியே கிடந்தது. "நல்லதாப் போச்சு" என்றார் மனிதர்! மூளையில் கோளாறு என்றால் நெற்றி பெரும்பாலும் தப்பித்துவிடுமாம். நெற்றியும் சேர்ந்து படுத்துவிட்டதால் இது முகநரம்போடு நிற்கிற சங்கதியாம். முகவாதம். ஸ்டீராய்டு மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, ராத்திரி இமையை இழுத்து மூடி மேலே பிளாஸ்திரி.

"பஸ்ஸுல ஜன்னலோரம் உட்கார்ந்தியா? காத்து அடிச்சிருக்கும்" என்றாள் சித்தி, போனில்.

நவம்பர் 6

மாத்திரை தூங்க விடவில்லை. நடுராத்திரியில் பரணிலிருந்து அந்த அட்டைப்பெட்டியை இறக்கினேன். மனைவி எழுந்து வந்து பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மேலே ராணி காமிக்ஸ், ஒன்றரை ரூபாய்க் காலத்து இதழ்கள். அதற்கு அடியில் மாமா சென்னையிலிருந்து கொண்டுவந்த இந்திரஜால். அடியோ அடியில் முத்து, லயன். ஒற்றைக் கண்ணால் படித்தால் வரி தவறுகிறது. படம் தவறவில்லை.

டெங்காலி காட்டு முகமூடி வீரர் வேதாளரின் (ஆங்கிலத்தில் ஃபாண்டம்) முகத்தை முகமூடியில்லாமல் பார்த்தவன் கோரமாகச் சாவான் என்று ஒரு பேச்சு கதைக்குக் கதை வரும். அந்த வயதில் அதை நம்பி, முகமூடியைக் கழற்றும் கட்டம் வந்தால் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பேன். எப்போதும் முதுகைத்தான் காட்டுவார்கள். இன்று கவனித்தது வேறு. முகமூடிக்குள் விழியே வரைந்திருக்க மாட்டார்கள், வெறும் வெள்ளை. அந்த ஆள் கண்ணை மூடி நான் பார்த்ததாக நினைவில்லை.

நவம்பர் 7

"ஆர்டினி" வருகிறது. "பெல்ஹாம்" வரவில்லை. உதடு ஒட்ட வேண்டிய எழுத்தெல்லாம் காற்றாகப் போகிறது. லயன் காமிக்ஸ் ஸ்பைடரின் (ஸ்பைடர்மேன் இல்லை, இவன் வேறு) கையாட்கள் பெயரை வைத்துப் பேச்சுப் பயிற்சி செய்கிறவன் தமிழ்நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நவம்பர் 9

இன்று முதல் பிசியோ. கன்னத்தில் பேனா மாதிரி ஒன்றை வைத்து, "கரண்ட் லேசாச் சுள்ளுங்கும் சார்" என்றது அந்தப் பெண். சுள்ளென்றது. வாயோரம் தானாகத் துடித்தது. என் முகம் எனக்குச் சம்பந்தமில்லாமல் அசைவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு கிடந்தேன். நினைவுக்கு வந்தது ஒரே ஆள்தான்.

லூயிஸ் கிராண்டேல். சோதனைக்கூட உதவியாளன், வலது கைக்குப் பதில் இரும்புக்கை. ஒரு வெடிவிபத்துக்குப் பிறகு, மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், கை மட்டும் மறையாது. 1962-இல் இங்கிலாந்தில் 'வேலியண்ட்' வார இதழில் வந்த தொடர். 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். நான் அப்போது பிறக்கவில்லை. பெட்டியில் இருப்பது மறுபதிப்பு.

எங்கள் தெருவில் பையன்கள் எல்லோருக்கும் பிளக் ஓட்டையைப் பார்த்தால் விரல் ஊறும். அண்ணன் ஒருநாள் நிஜமாகவே விட்டான். மறையவில்லை. அம்மா விட்ட அறையில் கன்னம்தான் சிவந்தது. அதற்கப்புறம் வீட்டில் கொஞ்ச காலம் காமிக்ஸுக்குத் தடை. பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்குவதை நின்றபடியே அட்டை மட்டும் பார்த்துவிட்டு வருவோம்.

அப்போதெல்லாம் மறைவதைத்தான் பெரிய வித்தையாக நினைத்தோம். அந்தக் கையை யாரும் யோசிக்கவில்லை. ஆள் முழுக்க மறைந்த பிறகும் அது மட்டும் அந்தரத்தில் நிற்கும், போலீஸ்காரன் அதைப் பார்த்துத்தான் அலறுவான். இன்று பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரர் என் வாயை மட்டும் பார்த்தார். கண்ணாடி போட்டிருக்கிறேன், நரைத்திருக்கிறேன், நல்ல சட்டை. வாயை மட்டும்.

நவம்பர் 10

கண் எரிகிறது. ஒன்றும் படிக்கவில்லை.

நவம்பர் 12

அண்ணன் போன். "டேய், பெட்டிய இறக்கிட்டியாமே. ஸ்பைடர் இருக்கா?" முகம் எப்படி இருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. யாரோ சேகரிப்பவர் அவனிடம் விலை பேசுகிறாராம். தொகையைச் சொன்னான். நம்பவில்லை. அட்டை கிழிந்ததற்கே அவ்வளவாம்.

ஸ்பைடர் முதலில் வில்லன் என்பதை அவன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான். குற்றவாளிகளின் சக்கரவர்த்தி ஆகத்தானே அவன் புறப்பட்டதே! நல்லவனானது பிற்பாடு. அதில் பல கதைகளை எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். இதைச் சொன்னால் "நீ இப்படியே பேசு, உடம்பு தேறிடும்" என்கிறான். ஐம்பது வயதைத் தாண்டியும் அவன் அண்ணன்தான், நான் தம்பிதான்.

நவம்பர் 15

கல்யாண வரவேற்பு. போகவில்லை என்றேன். "ஏங்க, கொரோனா மாஸ்க் போட்டுக்கிட்டு வாங்க, யாருக்குத் தெரியப்போகுது" என்றாள். போட்டுக்கொண்டு போனேன். யாருக்கும் தெரியவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் என்ன செய்வது என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. பாயசம் குடிக்காமல் வந்த முதல் கல்யாணம்.

நவம்பர் 17

மாயாவி கதைகளை வரைந்த ஜெசூஸ் பிளாஸ்கோ ஸ்பெயின்காரர். கறுப்பு வெள்ளைதான், ஆனால் கறுப்பை எப்படிக் கொட்டியிருக்கிறார்! விளக்கு ஒரு பக்கம் இருக்கும், முகத்தின் மறுபக்கம் மையில் முழுகிவிடும். சிவகாசி அச்சில், மட்டமான தாளில்கூட அது நிற்கிறது. பன்னிரண்டு வயதில் நான் இதையெல்லாம் பார்க்கவே இல்லை. யார் சுட்டான், யார் விழுந்தான், அவ்வளவுதான். ஒரு புத்தகம் அரைமணி நேரம். இன்று ஒரே பக்கத்தில் காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். சும்மா இருக்கிறவனுக்கு வேறென்ன வேலை.

மாத்திரையைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். எரிச்சல் மட்டும் குறையவில்லை. மதியம் காபி டம்ளருக்காகக் கத்தினேன். ஸ்ட்ரா போட்டுத் தந்திருந்தாள்.

நவம்பர் 19

வாயோரம் அசைந்தது என்கிறாள். எனக்குத் தெரியவில்லை. பிசியோ பெண்ணும் "லேசா இருக்கு சார்" என்கிறது. அதற்குச் சம்பளம் வாங்குகிறவர் வேறென்ன சொல்வார்.

பெல்ஹாம். பெல்ஹாம். 'பெ' வருகிறது, பாதி.

நவம்பர் 20

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம். ஸ்பைடர் எல்லாவற்றையும் தனியாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறான். எடுத்து வைத்தாயிற்று. முத்து காமிக்ஸைக் கேட்டால் தரமாட்டேன். கேட்கத்தான் போகிறான்.