கூட்டத்தைக் காட்டுகிறவர்கள்

தனியார் செய்திச் சேனல் ஒன்றின் எடிட்டிங் அறையில் பல வருடங்கள் வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி அரசியல் பொதுக்கூட்டக் காட்சிகளை வெட்டி ஒட்டுவதில்தான் போனது. இதை வெளியில் சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "மேலேயிருந்து போன் வருமா? யாரைக் காட்டணும், யாரைக் காட்டக் கூடாதுன்னு சொல்வாங்களா?" வரும். தேர்தல் நேரத்தில் கொஞ்சம் கூடுதலாகவே வரும். ஆனால் போனே வராத நாட்களிலும் நாங்கள் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருந்தோம். எனக்கு அதுதான் உறுத்தல்.

பெரிய கட்சியின் மாநாடு என்றால் அந்தக் கட்சியே ஒரு தயாரிப்பு நிறுவனத்தைப் பிடித்து எல்லா ஏற்பாடும் செய்துவிடும். வரிசையாகக் கேமராக்கள், ஜிம்மி ஜிப் என்கிற நீளக் கைக் கேமரா கிரேன், டிரோன், மேடைக்குப் பின்னால் ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஸ்விட்சர் வைத்த வேன். அங்கே கலந்து முடித்த காட்சி எல்லாச் சேனல்களுக்கும் இலவசமாக வந்து சேரும். அதற்குப் பெயர் ஃபீட். எங்கள் கேமராமேன் பத்திரிகையாளர்களுக்கென்று தொலைவில் போட்ட மேடையில் நின்றுகொண்டிருப்பார். அங்கிருந்து தலைவர் முகத்துக்கு ஜூம் போனால் படம் ஆடும். பளிச்சென்ற படம் ஓசியில் வரும்போது ஆடுகிற படத்தை எந்தச் சேனலின் செய்தி டெஸ்க் எடுக்கும்?

அந்த வேனில் உட்கார்ந்து ஷாட் மாற்றுகிறவருக்குச் சம்பளம் கொடுப்பது கட்சி. தலைவர் ஒரு வரியை அழுத்திச் சொன்னதும் கூட்டத்துக்குக் கட் போவார். அதுவும் கை தட்டுகிற பகுதிக்கு மட்டும். பின்வரிசை காலியாகத் தொடங்கினால் டிரோன் அந்தப் பக்கம் போகாது. பேச்சு பாதியில் இருக்கும்போதே தாங்கள் வந்த வண்டியைத் தேடி நடக்கிறவர்கள் ஃபீடில் வரவே மாட்டார்கள். அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறார், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் அதை எங்கள் லோகோவோடு ஒளிபரப்பினோம்.

சின்னக் கட்சியின் கூட்டம் வேறு கதை. ஃபீட் கிடையாது. ஸ்டிரிங்கர் எனப்படும் உள்ளூர்ப் பகுதிநேரச் செய்தியாளர் ஒருவர், கையில் ஒரு கேமரா. ஆறு மணிக் கூட்டத்துக்கு ஐந்தரைக்கே போவார், ஏனென்றால் ஏழு மணிக்கு அவருக்கு வேறொரு வேலை இருக்கும். கூட்டம் சேர்வதற்கு முன்பே நாலு ஷாட், நிர்வாகி ஒருவரிடம் ஒரு பைட், அதாவது கேமரா முன் இரண்டு வரிப் பேச்சு, அவ்வளவுதான், கிளம்பிவிடுவார். சாயங்காலம் என் திரையில் ஒரு பக்கம் மேலிருந்து எடுத்த மனிதக் கடல், இன்னொரு பக்கம் காலி நாற்காலிகள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? இதற்கு எந்த முதலாளியும் உத்தரவு போட வேண்டியதில்லை. காசும் நேரமும் சேர்ந்தே போட்டுவிடும்.

மூத்த கேமராமேன் ஒருவரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். புதிதாக வரும் பையன்களுக்கு அவர் சொல்வார்: "கூட்டம் கம்மின்னா டைட்டா வை தம்பி. நிறைய இருந்தா ஒய்டா வை. ஆபீசுக்குப் பிடிக்காத கட்சின்னா அப்படியே மாத்திக்க." சிரித்துக்கொண்டுதான் சொல்வார், ஆனால் தொழில்நுட்பமாக அதில் ஒரு சொல் தப்பில்லை. தூரத்திலிருந்து நீள லென்ஸில் எடுத்தால் இடைவெளிகள் மறைந்து தலைமேல் தலையாகத் தெரியும். அதே இடத்தை உயரத்திலிருந்து அகல லென்ஸில் எடுத்தால் தரை தெரியும்.

இது இன்று நேற்று வந்ததல்ல. 1951 ஏப்ரலில் அமெரிக்க ராணுவத் தளபதி ஜெனரல் மெக்ஆர்தருக்கு சிகாகோவில் பெரிய வரவேற்பு நடந்தது. கர்ட் லாங், கிளாடிஸ் லாங் என்ற சமூகவியலாளர்கள் 31 பேரைக் கூட்டத்துக்குள் அனுப்பிக் குறிப்பெடுக்க வைத்தார்கள்; டிவியில் வந்ததையும் பதிவு செய்து ஒப்பிட்டார்கள். டிவியில் நகரமே ஆர்ப்பரித்தது. தெருவில் நின்றவர்களோ வெகுநேரம் காத்திருந்து, அவரைச் சில நொடிகள் பார்த்துவிட்டு, வீட்டிலேயே டிவியில் பார்த்திருக்கலாம் என்று அலுத்துக்கொண்டார்கள். பலர் ஆரவாரம் செய்ததே கேமரா தங்கள் பக்கம் திரும்பியபோதுதான். ஜிம்மி ஜிப் தலைக்கு மேலே வரும்போது துண்டைச் சுழற்றும் நம்மூர்த் தொண்டரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகவா இருக்கும்?

அப்புறம் எண்ணிக்கை. ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்க இதழியல் பேராசிரியர் 1960-களில் ஒரு எளிய வழி சொன்னார். தாராளமாக நிற்கும் கூட்டத்தில் ஆளுக்கு 10 சதுர அடி, நெருக்கமாக நின்றால் 4.5 சதுர அடி. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஐந்து ஏக்கர் திடல் முழுக்க நெருக்கி நின்றாலும் 48,400 பேர்தான். மேடை, தடுப்புகள், நாற்காலி எல்லாம் போனால் இன்னும் குறையும். அப்படிப்பட்ட திடல்களுக்கு மூன்று லட்சம், ஐந்து லட்சம் என்று திரையின் அடியில் டிக்கர் ஓடியதைப் பார்த்திருக்கிறேன். நிருபர் கட்சிக்காரரிடம் கேட்டதைச் சொல்வார், டெஸ்க் அதையே அடிக்கும். ஒரு சேனல் மூன்று லட்சம் என்றால் பக்கத்துச் சேனல் குறைத்துச் சொல்லாது. தேர்தல் காலத்தில் திடலில் நேர்மையான கேமரா தேர்தல் ஆணையத்தின் வீடியோ கண்காணிப்புக் குழுவுடையதுதான் என்று அண்ணன் சொல்வார். செலவுக் கணக்குக்காக நாற்காலி, வண்டி, கட்அவுட் என்று ஒன்று விடாமல் எடுப்பார்கள். அந்த வீடியோவை யார் பார்க்கப் போகிறார்கள் என்பது வேறு விஷயம்.

கட்சிச் சேனல்களைப் பற்றி எனக்கு அவ்வளவு கோபம் கிடையாது. ஜெயா டிவி 1999-லும் மக்கள் தொலைக்காட்சி 2006-லும் கலைஞர் டிவி 2007-லும் கேப்டன் டிவி 2010-லும் வந்தபோது எது யார் பக்கம் என்று தமிழ்நாட்டில் டீக்கடைக்காரருக்கும் தெரியும். இரண்டைப் பார்த்துக் கழித்துக் கூட்டி ஒரு கணக்குக்கு வந்துவிடுவார்கள். நடுநிலை என்று போர்டு மாட்டிய எங்களைப் போன்ற சேனல்களிடம்தான் அந்தக் கழிவு போடாமல் அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள்.

2025 செப்டம்பர் 27 கரூருக்குப் பிறகு இதை வேறு மாதிரியும் யோசிக்கிறேன். விஜய் கூட்டத்துக்கு நண்பகலிலிருந்தே ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் வந்து சேர்ந்தபோது இரவு ஏழு மணிக்கு மேல். நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய வாரங்களில் அவருடைய கூட்டங்களைப் பல சேனல்கள் எப்படிக் காட்டின? எத்தனை வண்டி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் நகர்ந்தது, யார் வாக்கு யாருக்குப் போகும். மரத்திலும் கூரையிலும் ஏறி நின்றவர்களை உற்சாகத்துக்கு அத்தாட்சியாகக் காட்டினார்கள். தண்ணீர் இருந்ததா, வெளியேற வழி இருந்ததா என்று கேட்ட செய்தி எத்தனை? கூட்டத்தை ஒரு தலைவரின் பலமாக மட்டுமே பார்ப்பதும் ஒரு சாய்வுதான். அதில் எல்லாக் கட்சிகளுக்கும் நாங்கள் சமமாக நடந்துகொண்டோம்.

வேலையை விடுவதற்கு முன் ஒரு யோசனை சொன்னேன். கட்சி கொடுத்த ஃபீட் ஓடும்போது திரையின் ஓரத்தில் 'கட்சி வழங்கிய காட்சி' என்று சின்னதாகப் போடுவோம், செலவே இல்லை என்றேன். எடிட்டோரியல் கூட்டத்தில் எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். எது ஒளிபரப்பாக வேண்டும் என்று பார்க்கும் அவுட்புட் பொறுப்பாளர் மட்டும், "சார், நாம மட்டும் போட்டா நம்மகிட்ட மட்டும்தான் கட்சிப் படம் ஓடுதுன்னு நினைப்பாங்க. மத்த சேனல் போடட்டும், நாமளும் போடுவோம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அடுத்த வாரம் மதுரையில் ஒரு மாநாடு. ஃபீட் எத்தனை மணிக்கு வரும் என்ற பேச்சு தொடங்கிவிட்டது.