5 கட்டையில் கீபோர்டு: பாடுகிறவர் வாசித்துப் பார்த்த அனுபவம்

கர்நாடக சங்கீதம் பாடிப் பழகியவர்கள் கீபோர்டு பக்கம் வந்தால் முதலில் மல்லுக்கட்டுவது ஸ்வரத்தின் பெயரோடுதான். பாடுகிறவருக்கு ஸ எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். சுருதி, அதாவது பாட்டின் ஆதார ஒலி, மாறினால் ஸவும் கூடவே நகரும். கீபோர்டில் சி என்றைக்கும் சிதான். சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம்: 1 கட்டை என்றால் சி, 5 கட்டை என்றால் ஜி.

என் சுருதி 5 கட்டை. கீபோர்டின் சுருதியையே மாற்றிவிடும் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திவிட்டு சியையே ஸவாக வைத்து வாசிக்கலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் அதைத் தொடவில்லை. பட்டனை நம்பினால் சி, டி என்று எழுத்தில் எழுதும் வெஸ்டர்ன் நொட்டேஷன் கடைசிவரை பிடிபடாது என்றே நினைக்கிறேன்.

ஆரம்பப் பாடமான சரளி வரிசையை, மாயாமாளவகௌளை ராகத்தில், ஜியிலிருந்து ஆரம்பித்தேன். ஃபிளாட் என்றால் அரை ஸ்வரம் கீழே, ஷார்ப் என்றால் அரை ஸ்வரம் மேலே. ரி ஏ ஃபிளாட், க பி, ம சி, ப டி, த இ ஃபிளாட், நி எஃப் ஷார்ப். ஸரிகம பாடிக்கொண்டே வாசித்தால் விரல் தானாகப் போய் விழுந்தது. அதையே எழுத்துப் பெயர் சொல்லி வாசித்தபோது மத்தியமத்தில், அதாவது மவில், வந்து நின்றது. வாய் சி என்கிறது, காதோ அதை ம என்றுதான் கேட்கிறது. இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்லி, மெதுவாக ஒரே காலத்தில் வாசித்து வாசித்துத்தான் இது சரியானது.

கர்நாடக வயலின்காரர்களுக்கு இந்தப் பாடு கிடையாது. பாடகரின் சுருதிக்கே தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று சேர்த்துக்கொள்வார்கள். விரல் வைக்கும் முறை மாறாது. புல்லாங்குழல் என்றால் கட்டைக்கு ஒரு குழல்.

அப்புறம் சங்கராபரணம் ராகத்தை எடுத்தேன். ஜியில் வாசித்தால் நிஷாதம் (நி) மட்டும் கறுப்புக் கீயில் விழுகிறது. ஜியை ஸவாகக் கொண்ட இதே வரிசையை வெஸ்டர்னில் ஜி மேஜர் என்பார்கள்; அந்தப் பாட்டுப் புத்தகத்தில் வரி ஆரம்பத்தில் ஒரே ஒரு ஷார்ப் போட்டிருப்பது இந்த நிஷாதத்துக்குத்தான்! 2 கட்டையில், அதாவது டியில், காந்தாரமும் (க) நிஷாதமும் கறுப்பில் வரும். அங்கே ஷார்ப் இரண்டு. இது தெரிந்த பிறகு அந்தக் குறிகளைப் பார்த்ததுமே ஸ எங்கே என்று சொல்ல முடிகிறது.

இன்னொன்றும் கையில் தட்டுப்பட்டது. 2 கட்டை சங்கராபரணத்தின் அதே ஏழு கீகளை ஜியிலிருந்து வாசித்தால் 5 கட்டை கல்யாணி ராகம்! ஸவை இடம் மாற்றி ஒரு ராகத்திலிருந்து இன்னொன்றை எடுக்கும் கிரக பேதத்தைக் காதால் கேட்டிருக்கிறேன்; விரலுக்கடியில் பார்த்தது இப்போதுதான். அடுத்து அதே கீகளை இயிலிருந்து எடுத்து, அதில் வரும் கரகரப்பிரியா ராகத்தைப் பாடிக்கொண்டே வாசிக்கப் பழக வேண்டும்.