பீரோவுக்குப் பின்னால் இருந்த சுவர்

குன்னூரில் குடியிருப்பவர் யாரையும் கேட்டுப் பாருங்கள். மழைக்காலம் முடிந்து பீரோவை நகர்த்தினால் பின்னால் என்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடுவார்கள். கரும்புள்ளிகளாகப் படர்ந்த பூஞ்சணம், மக்கிய வாடை, விரல் பட்டதும் ஏடு ஏடாக உரிந்து வரும் பெயிண்ட். எங்கள் படுக்கையறையிலும் இதே கதைதான். இந்தத் தை மாதம் நானும் என் கணவரும் ஆள் வைக்காமல் அந்தச் சுவரைச் சீர்செய்தோம். இந்த மலையில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று நம்பி எழுதுகிறேன்.

வீடு என் கணவரின் தாத்தா கட்டியது. கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்து எழுப்பிய கனத்த சுவர். இடையில் வாடகைக்கு இருந்தவர்கள் அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கல்சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை இழுக்கும். இழுத்த ஈரம் எந்த வழியாகவாவது வெளியேற வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழிவிடும். பிளாஸ்டிக் பெயிண்ட் விடாது. உள்ளே தேங்கிய ஈரமும் உப்பும் பெயிண்டையே தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

கடையில் ஓதத்தை மறைக்கும் விலையுயர்ந்த பெயிண்ட் ஒன்றைக் காட்டினார்கள். என் கணவருக்கு அதில் ஆசைதான். "ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் எதை அடித்தாலும், அடுத்த ஐப்பசியில் மறுபடியும் சுரண்டத்தான் வேண்டியிருக்கும், வாங்க போகலாம்" என்று அழைத்து வந்துவிட்டேன்.

வீட்டின் பின்பக்கம் சரிவை வெட்டிய மேடு. குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. வருடா வருடம் மேட்டு மண் சரிந்து, படுக்கையறைச் சுவரை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு மேடிட்டிருந்தது. அந்த ஈர மண்ணைத்தான் சுவர் இத்தனை காலம் தாங்கிக்கொண்டிருந்தது. அவர் மண்வெட்டியால் முழுவதையும் அள்ளி, சுவருக்கும் மேட்டுக்கும் நடுவே வாய்க்கால் வெட்டினார். இந்த வேலையில் மிக முக்கியமான பகுதி எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

உள்ளே இன்னொரு காரணமும் இருந்தது. குளிருக்குப் பயந்து இரவில் ஜன்னல்களைச் சாத்திவிடுகிறோம். இரண்டு பேர் விடும் மூச்சின் ஈரம், அறையிலேயே மிகக் குளிர்ந்த இடத்தில் போய்ப் படிகிறது. அது வெளிச்சுவர்தான், அதிலும் காற்றே புகாத பீரோவின் பின்புறம்.

பிறகு சுரண்டல். மார்கழி மழை ஓய்ந்ததும் தொடங்கி, பெயிண்ட் முழுவதையும் எடுத்து, சுவரை உலர விட்டோம். விரிசல்களுக்குப் பட்டி பார்க்கவில்லை; ஒரு பங்கு சுண்ணாம்பும் மூன்று பங்கு மணலும் குழைத்து அடைத்தோம்.

சுட்ட சுண்ணாம்புக் கல், மேட்டுப்பாளையத்துக்குக் காரட் ஏற்றிப் போன வண்டி திரும்பும்போது வந்து சேர்ந்தது. இரும்பு டிரம்மில் தண்ணீர் ஊற்றி, கற்களை ஒவ்வொன்றாகப் போட்டோம். முதலில் சத்தமே இல்லை. பிறகு கல் வெடித்துப் பிளந்து, டிரம் முழுக்கக் கொதிக்கத் தொடங்கியது. கண்ணாடி அணியாமல் யாரும் கிட்டே போகவே கூடாது. கண்ணில் ஒரு துளி பட்டால் பார்வைக்கே ஆபத்து. கையிலும் முகத்திலும் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டோம். ஆறிய பிறகு பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால், பால் பதத்தில் கட்டியில்லாத கரைசல் கிடைத்தது. ஒட்டுவதற்குக் கொஞ்சம் அரிசிக் கஞ்சியும் கல்லுப்பும் சேர்க்கச் சொன்னது அத்தை. போகிக்கு முன் வீடு முழுவதும் வெள்ளையடித்துப் பழகியவர் அவர்.

நிறத்துக்கு மஞ்சள் காவி. வடக்குப் பார்த்த அறை; பனிமூட்ட நாளில் ஜன்னல் வழியே வரும் வெளிச்சமே சாம்பல் பூத்திருக்கும். என் கணவர் கேட்ட நீலம் அங்கே இன்னும் குளிரும் என்று எனக்குத் தோன்றியது. காவி பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, தாண்டினால் உதிரும். ஈரத்தில் தெரியும் நிறத்தையும் நம்பக் கூடாது, காய்ந்தால் பல மடங்கு வெளுத்துவிடும். அதனால் ஓட்டுத் துண்டுகளில் பூசி, அடுப்பங்கரையில் காயவைத்துப் பார்த்துத்தான் அளவை முடிவு செய்தோம்.

சுவரில் தண்ணீர் தெளித்து, வெள்ளையடிக்கும் மட்டையால் முதல் பூச்சு அடித்தபோது ஒன்றுமே தெரியவில்லை. பழைய கறைகள் அப்படியே கண்ணாடிக்குள் இருப்பவைபோல் தெரிந்தன. அவர் முகம் வாடிவிட்டது. "நாளைக் காலையில் பாருங்க" என்றேன். மறுநாள் கறை பாதி மங்கியிருந்தது. ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு நாள் இடைவெளி விட்டு, அடுத்தடுத்து மெல்லியதாகவே அடித்தோம். தடிமனாக அடித்தால் வெடித்துவிடும்.

குளிரும் மூட்டமும் பெயிண்டுக்கு ஆகாது. பத்து டிகிரிக்குக் கீழே எமல்ஷன் சரியாகப் படியாது. சுண்ணாம்பின் குணம் வேறு. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு திரும்பவும் கல்லாகிறது. அதற்கு மிதமான ஈரம் வேண்டும். சமவெளி வெயிலில் சடாரென்று காய்ந்தால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். மதியம் மலையேறி வரும் மூட்டம் எங்கள் சுவருக்கு நன்மையே செய்தது. உறைபனிக்கு மட்டும் பயந்து, வெயில் ஏறியபின் தொடங்கிப் பிற்பகலிலேயே மட்டையைக் கீழே வைத்துவிடுவோம். சுண்ணாம்பின் காரம் பூஞ்சணத்தையும் எளிதில் வரவிடாது.

உரசினால் சட்டையில் லேசாக ஒட்டும், உண்மைதான். கட்டிலைச் சற்று நகர்த்தினால் போயிற்று. பீரோவையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறோம். மிச்சச் சுண்ணாம்பு பின்கட்டில், மேலே தண்ணீர் நிற்கும்படி மூடிய பானையில் இருக்கிறது. அப்படிக் கிடந்தால் கெடாது, நாள்பட நாள்பட நயம் கூடும். அடுத்து அத்தையின் அறை. அவருக்கு வெறும் வெள்ளைதான் வேண்டுமாம், கொஞ்சம் நீலம் கலந்து.