முகர்ந்து பார்த்துச் சொல்ல முடியாதது

சமையற்கூடத்துக்குப் புதிதாக வேலைக்கு வருபவர்கள் மிச்ச உணவு டப்பாவைத் திறந்ததும் முகர்ந்து பார்ப்பார்கள். "நன்றாகத்தானே இருக்கிறது?" என்பார்கள். எங்கள் தலைமைச் சமையல்காரருக்கு அந்தக் கேள்வியே ஆகாது. "மூக்கை விடு, லேபிளில் என்ன தேதி?" என்பார். அது வெறும் கெடுபிடி இல்லை என்பது பாஸ்தா பிரிவுக்கு மாறிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

பாஸ்தா சாதுவான பண்டம்போலத் தெரியும். ஆனால் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்துக்கொள்ளும். வெந்த பாஸ்தா மேடையில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். சில வகைகள் வாந்தியை உண்டாக்கும் நஞ்சையும் சுரக்கும். மறுபடி சூடாக்கினால் அந்த நஞ்சு அழியாது. 2008-ல் பிரஸ்ஸல்ஸில் 20 வயது மாணவர் ஒருவர், ஐந்து நாள் வெளியிலேயே இருந்த ஸ்பாகெட்டியைச் சூடாக்கிச் சாப்பிட்டார். மறுநாள் விடிவதற்குள் இறந்துபோனார். வாடையை மட்டும் நம்புகிறவர்களுக்கு இந்தச் சம்பவத்தைத்தான் சொல்வேன்.

அதனால் எங்கள் சண்டையெல்லாம் ஆறவைப்பதில்தான். சமைத்த உணவு 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. அறை வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். இரவு வேலை முடிந்து எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் பானையோடு குளிர்பெட்டிக்குள் தள்ளிவிடத் தோன்றும். பெரிய பானையின் நடுப்பகுதி பல மணி நேரம் சூடாகவே இருக்கும், பக்கத்தில் இருப்பவற்றையும் சூடாக்கும். சூடான எதையுமே உள்ளே வைக்கக் கூடாது என்று சிலர் விடியும்வரை வெளியே விட்டுவிடுவது அதைவிடப் பெரிய ஆபத்து. தட்டையான பாத்திரத்தில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, ஆவி அடங்கியதும் மூடி உள்ளே வைத்தால் போதும். குளிர்பெட்டி 4 டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். சாஸைத் தனியாக வைப்பது என் பழக்கம். பாஸ்தா அதை உறிஞ்சிக் குழைவது குறையும். மூன்று, நான்கு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். அதற்கு மேல் வேண்டுமென்றால் முதல் நாளே உறையவைப்பது நல்லது. மீண்டும் சூடாக்கும்போது உள்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும்.

கெட்டுப்போனதற்கு அடையாளங்கள் இல்லாமல் இல்லை. வழவழப்பு, நூல் விடுவது, புளித்த வாடை, பூஞ்சணம். ஒரு மூலையில் மட்டும் பூஞ்சணம் என்றாலும் முழுவதையும் கொட்டிவிடுவோம். ஈரமான உணவில் அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். ஆனால் சூடாக்கும்போது கிரீம் சாஸில் எண்ணெய் பிரிவதையோ ஓரங்கள் காய்ந்திருப்பதையோ பார்த்து மட்டும் கெட்டது என்று சொல்ல முடியாது. புதியவர்கள் பலர் இவற்றைத் தூக்கி எறிவார்கள். வாடையில்லாத பழைய டப்பாவைப் பத்திரமாக உள்ளே வைப்பார்கள்!

லேபிள் இல்லாத டப்பா எங்களிடம் நேராகக் குப்பைக்குத்தான் போகும். இவ்வளவு வீணாகிறதே என்று நிர்வாகம் முணுமுணுத்தது, நியாயம்தான். விதியைத் தளர்த்த எங்கள் தலைமைச் சமையல்காரர் சம்மதிக்கவில்லை. மாலை மொத்தமாக வேகவைப்பதை நிறுத்திவிட்டு, வரும் ஆர்டருக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாக வேகவைக்கச் சொன்னார். அடுப்பருகே நிற்பவருக்கு வேலை கூடியது. எடுத்துவைக்க வேண்டிய டப்பாக்கள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன.