இரண்டு அரிப்பு, ஒரே களிம்பு

ஏப்ரல் 9, 2025, புதன்

ராத்திரி இரண்டு மணி. மறுபடி முழிப்பு. பத்து நாளாக இப்படித்தான். பிறப்புறுப்பின் வெளி இதழ்களில் அரிப்பு. பாவாடையோடு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து, இப்போது எரிச்சலில் உட்கார்ந்திருக்கிறேன். "கொசு கடிக்கா?" என்று இவர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவரிடமே இதைச் சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதியாவது வைக்கிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. நெல்லையப்பர் கோயில் வரிசையில் பத்து நிமிஷம் நிற்க முடியவில்லை, திரும்பிவிட்டோம். வீட்டுக்கு வந்து வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் கொதித்த தண்ணீரை இளஞ்சூடாக ஆறவைத்துக் கழுவினேன். அம்மா சொல்லித்தந்த வைத்தியம். சூடு படும்போது சுகமாக இருந்தது. அரை மணியில் அரிப்பு இரண்டு மடங்கு. திரிந்த தயிர் மாதிரி வெள்ளை படுகிறது. வாடை ஒன்றும் இல்லை. மாதவிலக்கு நின்று இரண்டு வருஷம் ஆகிறது, இப்போது எதற்கு இது?

ஏப்ரல் 16, புதன்

மெடிக்கலில் "தொடை இடுக்குல படை" என்று பொய் சொல்லி ஒரு டியூப் வாங்கினேன். தடவிய ஒரு மணி நேரத்தில் அடங்கியது. நிம்மதியான தூக்கம்.

ஏப்ரல் 24, வியாழன்

நான்கு நாள்தான் அந்த நிம்மதி. இப்போது முன்னைவிட மோசம். தோல் சிவந்து, மடிப்பில் வெடிப்பு விட்டிருக்கிறது. சிறுநீர் பட்டால் உயிர் போகிறது.

ஏப்ரல் 26, சனி

பாளையங்கோட்டையில் ஒரு பெண் டாக்டரிடம் போனேன். "கீழே அரிப்பு" என்று சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது. அவர் அவசரப்படுத்தவில்லை. "எத்தன நாளாக்கா? வாடை இருக்கா? வேற என்ன மாத்திரை எடுக்கீங்க?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். விளக்கைத் திருப்பி வைத்து நன்றாகப் பார்த்தார். பஞ்சுக் குச்சியால் தொட்டெடுத்து மைக்ராஸ்கோப் பரிசோதனைக்கு அனுப்பினார். கேண்டிடா என்ற பூஞ்சை.

பையில் இருந்த மாத்திரை அட்டைகளைப் பரப்பினேன். மூன்றாவது அட்டையில் அவர் விரல் நின்றது: எம்பாகிளிஃப்ளோசின். மார்ச்சில் காப்புரிமை முடிந்து விலை இறங்கியதும் சுகர் டாக்டர் சேர்த்துக் கொடுத்தது. ரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதுதான் அதன் வேலை. அந்தச் சர்க்கரை ஈரம் பட்ட இடத்தில் தங்குகிறது, பூஞ்சை அதைத் தின்று வளர்கிறது. மாதவிலக்கு நின்றவர்களுக்குப் பூஞ்சைத் தொற்று பொதுவாகக் குறைவாம். வந்தால் முதலில் சர்க்கரையைத்தான் பார்க்க வேண்டும் என்றார். என்னுடைய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.4, அதிகம்தான்.

டியூபைக் காட்டினேன். அதில் மூன்று மருந்து கலந்திருக்கிறது: பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, மூன்றாவது குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கும். கூடவே தோலின் எதிர்ப்பையும் குறைக்கும், பூஞ்சைக்கு வசதி. டியூபின் ஓரத்தில் சிவப்புக் கோடு. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாத மருந்து என்று அதற்கு அர்த்தம். எனக்குத் தெரியாது. கொடுத்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பூஞ்சைக்கு வாயில் போடும் ஃப்ளூகோனசோல் மாத்திரை எனக்கு வேண்டாம் என்றார். நான் கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையும் சாப்பிடுகிறேன். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். பக்கத்து வீட்டு அக்கா "எனக்கு ஒரே மாத்திரையில் போச்சு" என்று அதைத்தான் சொல்லியிருந்தாள். நல்ல வேளை, வாங்கவில்லை. அதற்குப் பதில் எழுதிக் கொடுத்தது பூஞ்சைக்கான குளோட்ரிமசோல் 100 மில்லிகிராம், ராத்திரி படுக்கும்போது உள்ளே வைக்கும் மாத்திரை, 14 நாள். வெளியே தடவ அதே மருந்தில் கிரீம்.

சோப்பு, வாசனைத் திரவம், கிருமிநாசினி, வேப்பிலைத் தண்ணீர் எல்லாம் நிறுத்தம். வெளியே வெறும் பச்சைத் தண்ணீர். உள்ளே எதையும் விட்டுக் கழுவக்கூடாது. தாங்க முடியாதபோது ஈரத்துணியை மடித்து வைத்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

நானாக மாத்திரையை நிறுத்தாமல் சுகர் டாக்டரிடம் போனேன். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்து அது, பலர் இந்தத் தொல்லை இல்லாமலே சாப்பிடுகிறார்கள் என்றார். எனக்கு இப்போதைக்கு நிறுத்தி வேறு மாற்றிக் கொடுத்தார். ஆனால் எழுதிக் கொடுத்த அன்றைக்கே "இப்படி அரிப்பு வரலாம், வந்தால் சொல்லுங்கம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஒரு மாதம் தவித்திருக்க மாட்டேன். அவரிடமே அதைச் சொன்னேன்.

மே 10, சனி

மருந்து முடிந்தது. அரிப்பு போயே போய்விட்டது. இவரிடமும் சொல்லிவிட்டேன். "கொசுன்னு சொன்னியே" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை, நேற்று மெடிக்கலில் இருந்து அவரே கிரீம் வாங்கி வந்தார்.

மே 11, ஞாயிறு

மதினி வந்திருந்தாள், வயது 63. என் கதையைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "எனக்கு ரெண்டு வருசமா இருக்குடி" என்றாள். ராத்திரியில் நகம் படப்பட ரத்தம் வருமாம். வெள்ளைப்படுதல் கிடையாது. யாரிடமும் சொன்னதில்லை. "மிச்ச கிரீம் இருந்தாக் கொடு" என்று கேட்டாள்.

கொடுக்கவில்லை. நாளைக்கே டாக்டரிடம் போவோம் என்றேன்.

மே 12, திங்கள்

மதினிக்குப் பூஞ்சை கிடையாது. லைக்கன் ஸ்க்லிரோசஸ் என்ற தோல் நோய். தோல் வெளுத்து, கசங்கிய மெல்லிய காகிதம் போல ஆகியிருக்கிறது. உள் இதழ்கள் சுருங்கி ஒட்ட ஆரம்பித்துவிட்டன. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தாக்குவதால் வருவதாம். ஒட்டுவாரொட்டி கிடையாது, அழுக்கினால் வருவதும் கிடையாது. "நான் சுத்தமாத்தாம்மா இருக்கேன்" என்று மதினி மூன்று தரம் சொன்னாள். டாக்டர் மூன்று தரமும் "தெரியும்மா" என்றார்.

மருந்துச் சீட்டைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குளோபெட்டசால்! என்னைப் புண்ணாக்கிய அதே மருந்து. ஆனால் இதில் வேறு கலப்பு இல்லை, 0.05 சதவீதக் களிம்பு, அளவோடு. முதல் மாதம் தினமும் ராத்திரி, அடுத்த மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாவது மாதம் வாரம் இரண்டு தரம். 30 கிராம் டியூப் மூன்று மாதமும் வர வேண்டும். இந்த நோய்க்கு முதல் மருந்தே இதுதானாம். நான் என் கிரீமைக் கொடுத்திருந்தால் மதினி இன்னும் இரண்டு வருஷம் சொறிந்துகொண்டிருப்பாள்.

கவனிக்காமல் விட்டால் சிலருக்குப் பிற்காலத்தில் அந்த இடத்தில் புற்றுநோய் வர வாய்ப்பு உண்டு. அதனால் வருஷம் ஒரு தரமாவது காட்ட வேண்டும். ஆறாத புண்ணோ தடிப்போ தெரிந்தால் உடனே வரச் சொன்னார். கைக்கண்ணாடி வைத்துப் பார்க்கவும் சொல்லிக் கொடுத்தார். 63 வயதில் மதினி தன் உடம்பின் அந்த இடத்தை முதல் முறையாகப் பார்த்தாள்.

ஜூன் 12, வியாழன்

மதினி போன். வெளுப்பு அப்படியே இருக்கிறது, ஆனால் ராத்திரி எழுந்திருப்பதில்லை. டியூபில் பாதிக்கு மேல் மிச்சம். "வடக்குத் தெரு சித்தியும் இப்படித்தான் ஒரு பக்கமா உக்காருதா, கவனிச்சியா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் சித்தி வீட்டுக்குப் போகிறோம்.